பெப்டைடு மாதிரியில் மாசு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூலக்கூறுகளை அயனிகளாக்கி நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி மையம் ஒன்றில் கருவியை இயக்குவது என் வேலை. மாணவர்கள் கொண்டுவரும் குப்பிகளைவிட அவர்கள் கொண்டுவரும் சந்தேகங்கள் அதிகம். அவற்றிலும் பெரும்பாலானவை ஒன்றையே சுற்றி வருகின்றன: மாதிரிக்குள் வேண்டாதது எது, அதை எப்படி வெளியேற்றுவது? கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். புரதத்தை டிரிப்சின் என்ற நொதியால் வெட்டிச் சிறு துண்டுகளான பெப்டைடுகளாக்கி, திரவக் குரோமட்டோகிராஃபியுடன் இணைந்த எலக்ட்ரோஸ்பிரே கருவியிலோ (கரைசலை நுண்துளிகளாகத் தெளித்து அயனியாக்குவது) மால்டி கருவியிலோ (படிகத்தோடு உலரவைத்து லேசரால் அயனியாக்குவது) பார்ப்பவர்களுக்கானது இந்தப் பக்கம். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால். நிறை வேறுபாடுகளை டால்டனில் தந்திருக்கிறேன். நிறமாலையில் தெரியும் முகடுகளின் எண்கள் நிறை-மின்சுமை விகிதங்கள்.

ஜெல்லில் ஒரே ஒரு பட்டைதான் தெரிகிறது. புரதம் சுத்தமாகத்தானே இருக்கிறது, இதற்கு மேல் என்ன மாசு?

புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துச் சாயமேற்றும் ஜெல் உங்களுக்குப் புரதங்களை மட்டும்தான் காட்டும். உப்பு, யூரியா, கிளிசரால், டிடர்ஜென்ட், பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் சேர்மங்கள் எதற்கும் அங்கே பட்டை கிடையாது. கருவியின் பார்வையில் இவைதாம் முதல் எதிரிகள்.

மாசை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் இந்தப் பக்கம் முழுவதும் எளிதாகப் புரியும். ஒன்று, புரத மாசு: தோலின் கெரட்டின், நாமே சேர்த்த டிரிப்சின், வளர்ப்பு ஊடகத்திலிருந்து வரும் ஆல்புமின். இவை கருவியைக் கெடுப்பதில்லை. கருவியின் நேரத்தைத் தின்றுவிடுகின்றன. மற்றொன்று, புரதமல்லாத மாசு. இது பெப்டைடுகள் அயனியாவதையே தடுக்கிறது, பிரிப்புக் குழாயைக் கெடுக்கிறது, அடுத்து வருபவரின் மாதிரியையும் பாழாக்குகிறது. கெரட்டினோடு வரும் மாணவரிடம் நான் கோபப்படுவதில்லை. டிரைட்டான் என்ற டிடர்ஜென்டோடு வருபவரிடம் கொஞ்சம் படுவேன்.

கொஞ்சம் உப்பு இருந்தால் என்ன ஆகிவிடும்?

'கொஞ்சம்' என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆய்வகத்தில் எல்லோரும் பயன்படுத்தும் பாஸ்பேட் உப்புக் கரைசலில் சோடியம் குளோரைடு 137 மில்லிமோலார். அதன் ஒரு மைக்ரோலிட்டரில் 137 நானோமோல் உப்பு இருக்கிறது. அதே துளியில் உங்கள் பெப்டைடு 100 ஃபெம்டோமோல் (ஒரு நானோமோல் என்பது பத்து லட்சம் ஃபெம்டோமோல்) என்றால், அதைவிட உப்பு 13 லட்சம் மடங்குக்கும் மேல்.

எலக்ட்ரோஸ்பிரேயில் நுண்துளிகள் உலர்ந்து சுருங்கும்போதுதான் பெப்டைடுகள் அயனிகளாக வெளிவருகின்றன. ஆவியாகாத உப்பு அந்தத் துளியிலேயே தங்கி, அவை வெளிவருவதைத் தடுக்கிறது. தப்பி வருபவற்றிலும் புரோட்டானுக்குப் பதில் சோடியம் ஒட்டிக்கொண்டால் 21.98, பொட்டாசியம் ஒட்டிக்கொண்டால் 37.96 கூடிவிடும். ஒரே பெப்டைடின் வலிமை மூன்று நான்கு முகடுகளாகச் சிதறி, ஒன்றுமே தெளிவாகத் தெரியாது. மால்டி உப்பைச் சற்றுப் பொறுத்துக்கொள்ளும். ஆனாலும் மாதிரியோடு கலக்கும் மேட்ரிக்ஸ் படிகங்கள் ஒழுங்காக உருவாகாமல் அங்கும் தொல்லைதான்.

முடிந்தவரை ஆவியாகும் பஃபரை (அமில-காரத் தன்மையை நிலையாக வைக்கும் கரைசலை) பயன்படுத்துங்கள். அம்மோனியம் பைகார்பனேட் 50 மில்லிமோலார் டிரிப்சினுக்குப் போதும். வெற்றிட உலர்த்தியில் வைத்தால் அம்மோனியாவும் கார்பன் டை ஆக்சைடும் நீருமாகப் போய்விடும். உப்பு எதிரிதான், ஆனால் எளிதில் தோற்கும் எதிரி. உண்மையான சிக்கல்கள் கீழே வருகின்றன.

உலர்த்திய குப்பியின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. நிறையப் பெப்டைடு கிடைத்துவிட்டதா?

இல்லை. நீங்கள் ஜெல்லிலிருந்து எடுத்த ஒரு மைக்ரோகிராம் பெப்டைடு உலர்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. தெரிகிற வெள்ளை உப்போ யூரியாவோ முழுதாகப் போகாத பைகார்பனேட்டோதான். பைகார்பனேட் என்றால் கொஞ்சம் நீர் விட்டு மறுபடி உலர்த்தினால் மறைந்துவிடும், மறையாவிட்டால் மற்றவை.

எவ்வளவு நேரம் உலர்த்தினாலும் அடியில் பிசுபிசுப்பாக ஒரு துளி நின்றால் கிளிசராலையோ டிடர்ஜென்டையோ சந்தேகியுங்கள். அந்தக் குப்பியைக் கருவிக்கு அனுப்பாதீர்கள்.

கெரட்டின், கெரட்டின் என்கிறீர்களே, அது எங்கிருந்துதான் வருகிறது? நான் கையுறை போட்டுக்கொண்டுதான் வேலை செய்கிறேன்.

உங்களிடமிருந்தும், உங்களுக்கு முன் அந்த அறையில் இருந்தவர்களிடமிருந்தும். தோல் எப்போதும் உதிர்ந்துகொண்டே இருக்கிறது. அறைத் தூசியில் அது கணிசமான பங்கு. பட்டியலில் வழக்கமாக வருபவை மனிதக் கெரட்டின் 1, 2, 9, 10. இவற்றில் 9 உள்ளங்கை, உள்ளங்கால் தோலுக்கே உரியது. அது மேலே வந்தால் வெறும் கை எங்கோ பட்டிருக்கிறது என்று நான் முதலில் நினைப்பேன். செம்மறி ஆட்டின் கெரட்டின் வந்தால், குளிரூட்டிய அறையில் யாரோ கம்பளி ஸ்வெட்டரோடு வேலை செய்திருக்கிறார்கள்.

கையுறை உங்களைக் காப்பாற்றுவதற்காகச் செய்யப்பட்டது, மாதிரியைக் காப்பாற்றுவதற்காக அல்ல. பெட்டியிலிருந்து வெறும் விரல்களால் உருவி மாட்டும்போதே அதன் வெளிப்புறத்தில் தோல் ஒட்டிவிடுகிறது. பிறகு அதே கையால் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்கிறீர்கள், கதவுப் பிடியைத் தொடுகிறீர்கள், அலைபேசியை எடுக்கிறீர்கள். மணிக்கட்டுக்கும் சட்டைக் கைக்கும் நடுவே தெரியும் இரண்டு விரற்கடைத் தோல்தான் ஜெல்லுக்கு நேர் மேலே ஆடிக்கொண்டிருக்கிறது.

ஜெல்லிலிருந்து பட்டையை வெட்டும் அந்தச் சில நிமிடங்கள்தாம் மிக ஆபத்தானவை. மின்விசிறியை நிறுத்துங்கள். ஒளிப்பெட்டியின் கண்ணாடியை முதலில் நீராலும் பிறகு மெத்தனாலாலும் துடையுங்கள். புதிய கத்தி அலகு எடுங்கள். கையுறையைக் கழுவி, நீளக் கை அங்கியின் முனையைக் கையுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். பட்டையை ஒட்டி வெட்டி, ஒரு மில்லிமீட்டர் கனசதுரங்களாக்கி, திறந்து வைக்காத குப்பியில் போட்டு உடனே மூடுங்கள். முடிந்தால் இதையெல்லாம் காற்று வடிகட்டிய அறைப்பெட்டிக்குள் செய்யுங்கள். ஒரு வாரம் மேசைமேல் திறந்து கிடந்த சாயக் கரைசலில் ஜெல்லை ஊறவைத்துவிட்டு, பிறகு இவ்வளவும் செய்து பயனில்லை.

வெள்ளிச் சாயமிட்ட ஜெல்லில், மாதிரி ஏற்றாத பாதைகளிலும் 55 முதல் 65 கிலோ டால்டன் வரை மங்கலான கோடுகள் குறுக்கே ஓடுகின்றனவா? மாதிரி பஃபரிலேயே, அதிலும் பெரும்பாலும் அதில் சேர்க்கும் மெர்காப்டோஎத்தனால் குப்பியில், கெரட்டின் விழுந்திருக்கிறது. அந்தப் பஃபரைக் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள்.

முடிவுப் பட்டியலில் முதல் நான்கும் கெரட்டின். என் ஆய்வே வீணாகிவிட்டதா?

வீணாகவில்லை. கெரட்டின் அறவே இல்லாத பட்டியலை நான் பார்த்ததில்லை. உங்கள் புரதம் ஐந்தாம் இடத்தில் பத்துப் பன்னிரண்டு தெளிவான பெப்டைடுகளோடு இருந்தால் நிம்மதியாக இருங்கள்.

கவலைப்பட வேண்டியது வேறு நிலையில். கருவி ஒவ்வொரு சுற்றிலும் வலிமையான அயனிகளைத் தேர்ந்தெடுத்துத்தான் உடைத்துப் பார்க்கிறது. கெரட்டின் பெப்டைடுகள் அந்த வரிசையை அடைத்துக்கொண்டால், அளவில் குறைந்த உங்கள் புரதத்துக்கு முறையே வராது. அப்போது கெரட்டின் பெப்டைடுகளின் நிறைகளை விலக்குப் பட்டியலில் ஏற்றி மறுபடி ஓட்டலாம். ஓரளவு உதவும். மாதிரியைப் புதிதாகத் தயாரிப்பது இன்னும் நன்றாக உதவும்.

டிரிப்சினை நாமேதானே சேர்க்கிறோம், அதை ஏன் மாசுப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள்?

டிரிப்சின் தன்னையே வெட்டிக்கொள்ளும். அந்தத் துண்டுகளும் பெப்டைடுகள்தாம். பன்றி டிரிப்சின் என்றால் மால்டியில் 842.51, 2211.10 ஆகிய இரண்டும் அநேகமாக எப்போதும் தென்படும். பலர் இந்த இரண்டையும் வைத்தே நிறை அளவீட்டைச் சரிபார்த்துக்கொள்கிறார்கள்.

லைசின்களை மெத்திலேற்றம் செய்த டிரிப்சினை வாங்கினால் தன்னைத்தான் வெட்டுவது குறையும். அளவையும் மிஞ்சவிடாதீர்கள்: புரதத்தில் ஐம்பதில் ஒரு பங்கு முதல் இருபதில் ஒரு பங்கு வரை எடை போதும். ஜெல் துண்டுகளில் புரதம் எவ்வளவு என்று தெரியாமல் தாராளமாக ஊற்றும்போதுதான் டிரிப்சினே முதலிடம் பிடிக்கிறது.

மாசுப் புரதங்கள் எனக்குத் தேவையில்லை. தேடல் தரவுத்தளத்தில் அவற்றைச் சேர்க்காமல் விட்டால் பட்டியல் சுத்தமாக வருமே?

சுத்தமாக வராது, தவறாக வரும். தேடல் மென்பொருள் ஒவ்வொரு நிறமாலைக்கும் நீங்கள் கொடுத்த வரிசைகளுக்குள் எது மிகவும் பொருந்துகிறது என்றுதான் பார்க்கிறது. பாக்டீரியப் புரதங்களை மட்டும் கொடுத்தால், கெரட்டின் பெப்டைடின் அருமையான நிறமாலைக்குச் சரியான விடையே அங்கு இருக்காது. அப்போது அது ஏதோ ஒரு பாக்டீரியப் பெப்டைடோடு அரைகுறையாகப் பொருந்தி, சில வேளை ஏற்பு மதிப்பெண் வாசலையும் தாண்டி உள்ளே வந்துவிடும். நீங்கள் அதைக் கண்டுபிடிப்பு என்று எழுதிவிடுவீர்கள்.

ஆகவே மாசுப் புரதங்களின் வரிசைகளைக் கட்டாயம் சேர்த்துத் தேடுங்கள். குளோபல் புரோட்டியோம் மெஷின் திட்டம் வெளியிட்ட 'கிராப்' என்ற இலவசப் பட்டியல் இருக்கிறது. மேக்ஸ்குவான்ட் மென்பொருள் தன் சொந்தப் பட்டியலோடு வருகிறது. உங்கள் ஆய்வகத்துக்கே உரியவற்றையும் நீங்களே சேர்க்க வேண்டும்: பயன்படுத்தும் எதிர்ப்பொருளின் சங்கிலிகள், ஸ்ட்ரெப்டாவிடின், வளர்ப்பு ஊடகத்தின் மாட்டு ஆல்புமின். மாட்டு ஆல்புமினும் மனித ஆல்புமினும் சில பெப்டைடுகளில் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. மனிதச் செல்களில் ஆல்புமினைக் கண்டேன் என்று சொல்லும் முன், மனிதனுக்கு மட்டுமே உரிய பெப்டைடு ஒன்றாவது கிடைத்ததா என்று பாருங்கள்.

நிறமாலை முழுக்க ஏணிப்படிபோலச் சம இடைவெளியில் முகடுகள். இவை என்ன புரதம்?

புரதமே அல்ல, பாலிமர். பெப்டைடுகள் இப்படிச் சம தூரத்தில் அணிவகுப்பதில்லை. இடைவெளியை அளந்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். 44.026 என்றால் பாலிஎத்திலீன் கிளைக்கால். ஆய்வகத்தில் 'பெக்' என்கிறோம். இரட்டை மின்சுமை ஏற்றிருந்தால் இடைவெளி 22.013. டிரைட்டான், ட்வீன், என்.பி.-40 ஆகிய டிடர்ஜென்ட்களின் வாலும் இதே அலகுதான், ஆகவே அவையும் 44 இடைவெளியிலேயே வரும். 58.042 என்றால் பாலிபுரோப்பிலீன் கிளைக்கால். 74.019 என்றால் சிலிக்கோன்.

பெக் பெரும்பாலும் கைக்குப் பூசும் களிம்புகளிலிருந்தோ, பக்கத்து மேசையில் வெஸ்டர்ன் பிளாட் கழுவும் ட்வீன் கரைசலிலிருந்தோ, செல்லை உடைத்த பஃபரிலிருந்தோ வருகிறது. சிலிக்கோன் அறைக் காற்றிலேயே இருக்கிறது; தலைக்கும் உடம்புக்கும் பூசும் பொருள்கள் பலவற்றில் அது உண்டு. 371.10, 445.12 ஆகிய அதன் முகடுகளை எந்த எலக்ட்ரோஸ்பிரே கருவியிலும் பார்க்கலாம். அவை இயல்பான அளவில் இருந்தால் பதற வேண்டாம், 445.12-ஐ நிறை அளவீட்டின் நிலைப்புள்ளியாகவே பலர் பயன்படுத்துகிறார்கள்.

தனியாக நிற்கும் சிலவற்றையும் மனத்தில் வையுங்கள். 391.284-உம் அதன் துண்டான 149.023-உம் பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் தாலேட். 338.342 என்றால் எருக்கமைடு. பிளாஸ்டிக் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கச் சேர்ப்பது. 372.243 பேனா மையில் உள்ள கிரிஸ்டல் வயலெட். குப்பியின் மூடியில் எழுதிய பெயர் அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானில் கரைந்து உள்ளே இறங்கினால் இப்படி ஏதாவது ஒரு சாயம் வரத்தான் செய்யும்.

எதுவாக இருந்தாலும் சி-18 டிப்பில் ஏற்றி இறக்கினால் போய்விடும் என்று என் சீனியர் சொன்னார். சரிதானே?

இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டிய கேள்வி இதுதான். சரியல்ல. சி-18 என்பது நீரை வெறுக்கும் நீண்ட கார்பன் சங்கிலிகள் பொதிந்த பரப்பு. அதைப் பிப்பெட் முனைக்குள் அடைத்ததுதான் அந்த டிப். அமில நீரில் பெப்டைடு அதில் ஒட்டிக்கொள்ளும். உப்பு, யூரியா, குவானிடின் போன்றவை ஒட்டாமல் கழுவிப் போகும். இவற்றுக்கு இது நல்ல மருந்து.

பெக், டிரைட்டான், ட்வீன், எஸ்.டி.எஸ் என்ற டிடர்ஜென்ட், கொழுப்பு எல்லாமே பெப்டைடைப் போலவே நீரை வெறுக்கும் பகுதி கொண்டவை. அவையும் அதே பரப்பில் ஒட்டி, அதே அசிட்டோநைட்ரைலில் இறங்கும். நூறு மைக்ரோலிட்டரில் இருந்த டிரைட்டானை நீங்கள் பத்து மைக்ரோலிட்டருக்குள் செறிவாக்கித் தருகிறீர்கள், அவ்வளவுதான். உள்ளே இருப்பது எது என்று தெரிந்த பிறகே எப்படிச் சுத்தம் செய்வது என்று முடிவெடுங்கள். ஒவ்வொரு சுத்திகரிப்பிலும் பெப்டைடும் கொஞ்சம் போகிறது. தேவையில்லாத சுத்திகரிப்பு வெறும் நஷ்டம்.

உப்புக்காகத்தான் சி-18 போட்டேன். ஆனால் எப்போதும் பாதிக்கு மேல் காணாமல் போகிறது. எங்கே தவறு?

நான்கு இடங்களில் பார்ப்பேன். முதலாவது அமிலத்தன்மை: ஏற்றும் முன் டி.எஃப்.ஏ (டிரைஃப்ளூரோஅசிட்டிக் அமிலம்) சேர்த்துப் பி.எச். 3-க்குக் கீழே கொண்டுவந்தீர்களா? தாளில் ஒரு துளி வைத்துப் பாருங்கள். பைகார்பனேட் நிறைய அமிலத்தைக் குடித்துவிடும். இரண்டாவது, மாதிரியில் அசிட்டோநைட்ரைல் மிச்சம் இருக்கிறதா? ஜெல்லிலிருந்து பிரித்தெடுக்க அதைத்தான் ஊற்றியிருப்பீர்கள். அது இருந்தால் பெப்டைடு ஒட்டவே ஒட்டாது. முதலில் உலர்த்துங்கள்.

மூன்றாவது, முனையை அசிட்டோநைட்ரைலில் நனைத்து, 0.1 சதவீத டி.எஃப்.ஏ-வால் சமப்படுத்தி, அதன் பிறகு இறக்கும் கட்டம் வரை காற்று உள்ளே புகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிப்பெட்டை முழுவதும் அழுத்தி முனையை உலரவிடுவதுதான் வழக்கமான பிழை. நான்காவது, கொள்ளளவு: சின்ன முனை தாங்குவது சில மைக்ரோகிராம்தான். ஐம்பது மைக்ரோகிராமை ஏற்றினால் மிச்சம் வழிந்து போகும். மாதிரியை மெதுவாகப் பத்துத் தடவையாவது ஏற்றி இறக்கி, அமில நீரால் கழுவி, 50 முதல் 60 சதவீத அசிட்டோநைட்ரைலில் இறக்குங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் குறிப்பிட்ட ஒரு பெப்டைடு மட்டும் வரவில்லை என்றால் அது சி-18-இல் தங்காத வகையாக இருக்கலாம். மிகச் சிறியவையும் பாஸ்பேட் ஏறிய சிலவும் கழுவும் நீரோடு போய்விடும். அவற்றுக்குக் கிராஃபைட் கார்பன் நன்றாக வேலை செய்யும். எப்படியிருந்தாலும் முடிவு கைக்கு வரும் வரை வழிந்த நீரைக் கொட்டாதீர்கள்.

பெக் ஏற்கெனவே கலந்துவிட்டது. மாதிரி இது ஒன்றுதான், மீட்க வழி உண்டா?

உண்டு. பெக்கும் பெப்டைடும் வேறுபடும் இடத்தைப் பிடிக்க வேண்டும். பெக்குக்கு மின்சுமை கிடையாது. அமிலக் கரைசலில் பெப்டைடுக்கு நேர்மின்சுமை உண்டு. ஆகவே வலுவான நேரயனிப் பரிமாற்ற முனையில் ஏற்றினால் பெப்டைடு பிடித்துக்கொள்ளும், பெக் வழிந்தோடும். அசிட்டோநைட்ரைல் கலந்த அமிலத்தால் நன்றாகக் கழுவிவிட்டு, அம்மோனியா கலந்த அசிட்டோநைட்ரைலில் இறக்குங்கள். உப்பால் இறக்கினால் மறுபடி சி-18-க்குப் போக வேண்டி வரும்.

இன்னொரு வழி, எஸ்.பி.-3 முறையில் பயன்படும் காந்தத் துகள்கள். 95 சதவீதத்துக்கு மேல் அசிட்டோநைட்ரைல் இருக்கும்போது பெப்டைடுகள் துகள்மேல் படிந்துவிடும், பெக் கரைசலிலேயே நிற்கும். தூய அசிட்டோநைட்ரைலால் கழுவி, நீரில் இறக்கலாம். இதில் நீரின் பங்கு கொஞ்சம் கூடினாலும் பெப்டைடு நழுவிவிடும். பஃபரில் கரைந்த மாதிரியை உலர்த்தாமல் நேரடியாக முயல்பவர்கள் தோற்பது இதனால்தான்.

வெட்டாத புரதம் இன்னும் மிச்சம் இருக்கிறதா? அப்படியானால் இவ்வளவு பாடுபட வேண்டாம். அங்கிருந்து தொடங்குங்கள்.

எஸ்.டி.எஸ் இல்லாமல் என் சவ்வுப் புரதம் கரையவே கரையாது. நான் என்ன செய்வது?

எஸ்.டி.எஸ் போடுங்கள். ஆனால் அது புரத நிலையிலேயே வெளியேறிவிட வேண்டும். பெப்டைடான பிறகு பிரிப்பது பெரும்பாடு. 0.01 சதவீதத்தைத் தாண்டினாலே குரோமட்டோகிராஃபியில் முகடுகள் அகன்று வலிமை சரியத் தொடங்கும்.

பழைய வழி, புரதத்தை வீழ்படிவாக்குவது: நான்கு பங்கு குளிர்ந்த அசிட்டோனை ஊற்றி மைனஸ் 20 டிகிரியில் வைத்துச் சுழற்றி எடுப்பது, அல்லது மெத்தனாலும் குளோரோஃபார்மும் சேர்த்து இடை அடுக்கில் திரளும் புரதத்தை எடுப்பது. வீழ்ந்த புரதத்தை மறுபடி கரைப்பதில்தான் சவ்வுப் புரதம் முரண்டு பிடிக்கும். வடிகட்டியின் மேலேயே 8 மோலார் யூரியாவால் எஸ்.டி.எஸ்-ஐத் துரத்தி, அங்கேயே டிரிப்சினால் வெட்டும் முறை 2009 முதல் பரவலாக இருக்கிறது. அந்த வடிகட்டிச் சவ்வுகளில் கிளிசரால் இருக்கும். முதலில் கழுவ மறக்காதீர்கள். மேலே சொன்ன எஸ்.பி.-3, புரதத்தை நுண்துளை வடிகட்டியில் பிடிக்கும் எஸ்-டிராப் ஆகியவை இதைவிட வேகமானவை. ஜெல்லில் ஒரு சென்டிமீட்டர் மட்டும் ஓடவிட்டு, மொத்தமாக ஒரே துண்டாக வெட்டி எடுப்பதும் நல்ல சுத்திகரிப்புதான். கெரட்டின் பற்றிச் சொன்னதை மட்டும் அங்கே நினைவில் வையுங்கள்.

மாற்றிப் பார்க்கத் தயாரென்றால் சோடியம் டிஆக்சிகோலேட் ஒரு சதவீதம். சவ்வுப் புரதங்கள் பலவற்றைக் கரைக்கும், டிரிப்சினும் அதில் வேலை செய்யும். முடிந்ததும் அமிலம் சேர்த்தால் வெள்ளையாக வீழ்ந்துவிடும், சுழற்றி மேல்நீரை எடுக்கலாம். என் கையில் முடிவு இருந்தால் எல்லோருக்கும் இதையே சொல்வேன்.

யூரியாவைச் சி-18 கழுவிவிடும் என்று நீங்களே சொன்னீர்கள். பிறகு ஏன் யூரியாவைக் கண்டு பயமுறுத்துகிறீர்கள்?

யூரியா போய்விடும், அது செய்துவிட்டுப் போன வேலை போகாது. கரைசலில் யூரியா எப்போதும் சிறிதளவு சயனேட்டாக மாறிக்கொண்டிருக்கும், சூடு ஏற ஏற இன்னும் அதிகமாக. அது பெப்டைடின் முன்முனையிலும் லைசினிலும் ஒட்டி 43.006 கூட்டிவிடுகிறது. இப்படி மாறிய லைசினில் டிரிப்சின் வெட்டாது. எந்த முனையாலும் எந்தத் துகளாலும் இதைக் கழுவ முடியாது, ஏனென்றால் மாசு இப்போது பெப்டைடின் ஒரு பகுதி.

யூரியாக் கரைசலை அன்றன்றைக்குச் செய்யுங்கள். 37 டிகிரிக்கு மேல் சூடாக்காதீர்கள். கரையவில்லை என்று கொதிநீரில் வைப்பவர்களை இப்போதும் பார்க்கிறேன். டிரிப்சின் போடும் முன் ஒரு மோலார் அளவுக்கு நீர்த்துவிடுங்கள். இதே குடும்பத்தில் இன்னும் இரண்டு: ஜெல்லில் மிஞ்சிய அக்ரிலமைடு சிஸ்டீனில் ஒட்டினால் 71.037, மெத்தியோனின் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் 15.995. தேடலில் இவற்றை மாறும் மாற்றங்களாக (இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்று) சேர்த்தால், காணாமல் போனதாக நினைத்த பெப்டைடுகள் சில திரும்பி வரும்.

குப்பிகளை எல்லாம் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவித்தான் வைக்கிறேன். அதிலும் குறையா?

அதுதான் குறை. சோப்பு என்பது டிடர்ஜென்ட். கண்ணாடியில் ஒட்டியதை முழுதாக அகற்ற முடியாது. கருவிக்கான கரைப்பான் குப்பிகளை, வாங்கிய நாள் முதல் சோப்பே தொடாமல், அதே கரைப்பானால் மட்டும் அலசித் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நீரும் அசிட்டோநைட்ரைலும் இந்தக் கருவிக்கென்றே விற்கும் தரத்தில் வாங்குங்கள். அடர் அமிலத்தைப் பிளாஸ்டிக் பிப்பெட்டால் எடுக்காதீர்கள், பாராஃபிலிமைக் கரைப்பான் நீராவி படும் இடத்தில் சுற்றாதீர்கள்.

வெற்று மாதிரி ஓட்டச் சொல்கிறீர்கள். ஒன்றுமில்லாததை ஓட்டக் கட்டணம் கட்ட வேண்டுமா?

வெற்று மாதிரியிலும் இரண்டு வகை. கரைப்பானை மட்டும் ஓட்டுவது கருவி சுத்தமா என்று சொல்லும். புரதம் மட்டும் இல்லாமல், மற்ற எல்லாப் படிகளையும் அதே குப்பி, அதே பஃபர், அதே டிரிப்சினோடு செய்து ஓட்டுவது உங்கள் கைவேலை சுத்தமா என்று சொல்லும். கரைப்பானில் இல்லாத பெக் இரண்டாவதில் வந்தால், படிகளைப் பாதி பாதியாகப் பிரித்து ஓட்டி, எந்தக் குப்பி குற்றவாளி என்று அரை நாளில் கண்டுபிடித்துவிடலாம்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு வழக்கு. அமெரிக்காவின் மான்டனாவில் கிடைத்த, 6.8 கோடி ஆண்டுப் பழமையான டைரனோசாரஸ் ரெக்ஸ் எலும்பிலிருந்து கொலாஜன் பெப்டைடுகளைப் படித்ததாக 2007-இல் 'சயின்ஸ்' இதழில் கட்டுரை வந்தது. உலகமே பேசியது. 2009-இல் அந்தத் தரவை மறுபடி ஆராய்ந்த வேறொரு குழு, அதற்குள் நெருப்புக்கோழியோடு பொருந்தும் ஹீமோகுளோபின் பெப்டைடு ஒன்றைக் கண்டது. ஒப்பீட்டுக்காக அதே ஆய்வகத்தில் நெருப்புக்கோழி எலும்பும் கையாளப்பட்டிருந்தது. 2017-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் பக்லி குழு, டைனோசருடையவை எனப்பட்ட வரிசைகளை இன்றைய நெருப்புக்கோழிக் கொலாஜனோடு ஒப்பிட்டு, கலப்பை நிராகரிக்க முடியாது என்று எழுதியது. முதலில் கண்டவர்கள் தங்கள் முடிவை விட்டுக்கொடுக்கவில்லை. அவர்கள் வேறொரு டைனோசரிலும் புரதம் கண்டதாக 2009-இல் எழுதினார்கள். யார் சரி என்பதற்குள் நான் போகவில்லை. ஒப்பீட்டுக்கு வைத்திருக்கும் மாதிரியே மாசாகவும் முடியும் என்பதுதான் உங்களுக்குத் தேவை.

மாதிரியில் மாசு இல்லை, ஆனால் முந்தையவரின் பெப்டைடுகள் என் ஓட்டத்தில் வருகின்றன. இது யார் பொறுப்பு?

பெரும்பாலும் எங்கள் பொறுப்பு. அளவில் மிகுந்த மாதிரிக்குப் பின் குழாயிலும் ஊசியிலும் எச்சம் தங்கும். இடையில் கரைப்பான் ஓட்டங்களை வைக்கிறோம், ஐசோபுரோப்பனால் கலந்த நீரால் ஊசியைக் கழுவுகிறோம். உங்கள் பங்கும் ஒன்று உண்டு: எது செறிவானது, எது நீர்த்தது என்று சொல்லுங்கள், நீர்த்ததிலிருந்து செறிவானதற்குப் போகும்படி வரிசை போடுவோம். 'எல்லாம் ஒன்றுபோலத்தான்' என்று எழுதிக் கொடுத்தால் நாங்களும் அப்படியே ஓட்டுவோம்.

வெற்று மாதிரியில் வந்த புரதங்களை எல்லாம் என் பட்டியலிலிருந்து கழித்துவிட்டால் போதும்தானே?

கண்ணை மூடிக்கொண்டு கழிக்காதீர்கள். வெற்று மாதிரியை உங்கள் மாதிரிக்குப் பிறகு ஓட்டியிருந்தால், அதில் வந்தது உங்கள் சொந்தப் புரதத்தின் எச்சமாகவே இருக்கலாம். இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல், எவ்வளவு என்று பாருங்கள். வெற்றில் இருப்பதைப்போல ஐம்பது மடங்கு மாதிரியில் இருந்தால் அது மாசல்ல.

எதிர்ப்பொருளால் இழுத்து எடுக்கும் சோதனைகளில் இது இன்னும் சிக்கல். ஆக்டின், டியூபுலின், வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள், ரைபோசோம் புரதங்கள் ஆகியவை எதிர்ப்பொருளைத் தாங்கும் எந்த நுண்மணியிலும் ஒட்டிக்கொண்டு வரும். இப்படிப்பட்ட எதிர்மறைச் சோதனைகளைப் பல ஆய்வகங்களிலிருந்து திரட்டிய 'கிராப்போம்' என்ற தரவுத்தளம் 2013-இல் வெளியானது. உங்கள் புரதம் அங்கே எத்தனை சோதனைகளில் தலைகாட்டுகிறது என்று பாருங்கள். அடிக்கடி வருகிறது என்பதற்காகவே பொய் ஆகிவிடாது; டியூபுலினோடு உண்மையிலேயே பிணையும் புரதங்களும் உண்டு. அதை நிறுவ வேறு சோதனை வேண்டும்.

நான் ஆராய்வதே மனிதத் தோல். மாசுக் கெரட்டினையும் மாதிரிக் கெரட்டினையும் எப்படிப் பிரிப்பது?

வரிசையை வைத்துப் பிரிக்க முடியாது, இரண்டும் ஒன்றே. அளவை வைத்துத்தான் பேச முடியும். முன்பு சொன்ன, எல்லாப் படிகளையும் கடந்த வெற்று மாதிரியை ஒவ்வொரு தொகுதியிலும் வைத்து, கெரட்டின் அங்கே எவ்வளவு என்று அளவிடுங்கள். தோல் மாதிரியில் கெரட்டின் மலைபோல இருப்பதால் மாசின் பங்கு பொதுவாகப் பொருட்படுத்தத் தக்கதல்ல. மாதிரி மிகச் சிறிதாக இருக்கும்போதுதான், ஒரு தலைமுடியின் துணுக்கோ ஒட்டுநாடாவில் உரித்த ஒரு படலமோ போன்றவற்றில்தான், இது உயிர்ப் பிரச்சினை. மென்பொருள் மாசுப் பட்டியலில் உள்ளவற்றைத் தானாக விலக்கிவிடும் அமைப்பையும் மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் உங்கள் முடிவுகளையே அது குப்பையில் போட்டுவிடும்.

தொன்மையான பொருள்களில் வேலை செய்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு தடயம் உண்டு. காலப்போக்கில் அஸ்பராஜினும் குளுட்டமினும் அமைடை இழந்து 0.984 கூடுகின்றன. பழைய புரதத்தில் இது மிகுதியாகவும், நேற்று விழுந்த தோலில் குறைவாகவும் இருக்கும். ஆனால் நெடுநேரம் காரக் கரைசலில் டிரிப்சினோடு வைத்தாலும் அஸ்பராஜின் இப்படி மாறும். ஆகவே இதைத் தனிச் சான்றாக நம்ப வேண்டாம்.

இவ்வளவு சிக்கல் என்றால், குப்பியை அப்படியே கொடுத்துவிடுகிறேன், நீங்களே சுத்தம் செய்துகொள்ளக் கூடாதா?

செய்கிறோம், ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். படிவத்தில் 'பஃபர்' என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த உப்பு, எத்தனை மில்லிமோலார், எந்த டிடர்ஜென்ட், எத்தனை சதவீதம், கிளிசரால் உண்டா, புரோட்டியேஸ் (புரதத்தை வெட்டும் நொதி) தடுப்பான் மாத்திரை போட்டீர்களா, எந்த நிறுவனத்தின் எந்த ஆயத்தப் பெட்டியை (கிட்) பயன்படுத்தினீர்கள் என்பதுவரை எழுதுங்கள். பெட்டியோடு வரும் பஃபர்களில் டிடர்ஜென்ட் இருந்தும் பெயரைச் சொல்லாமல் விடும் நிறுவனங்கள் உண்டு. விவரத்தாளைக் கேட்டு வாங்குங்கள். எஸ்.டி.எஸ் போட்டிருந்தால் பஃபரில் பொட்டாசியம் இருக்கிறதா என்பதையும் குறிப்பிடுங்கள், இரண்டும் சேர்ந்தால் வெள்ளையாக உறையும். அதைப் புரதம் என்று எண்ணி யாராவது சேகரித்துவிடுவார்கள்.

கொஞ்சம் மாதிரியை வெட்டாமல் உறையவைத்து உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். குப்பியின் பெயரை மூடியில் எழுதாமல் பக்கவாட்டில் ஒட்டுச்சீட்டில் எழுதுங்கள்.